அடுப்பைத் துடைக்கும் முன் தீயின் நிறத்தைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, கடைசி வேலையாகக் கேஸ் அடுப்பை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அரைமணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்த என் மாமியார், சமையலறை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "கேஸ் வாடை அடிக்குது. யாரும் லைட்டைப் போடாதீங்க!"

இருட்டிலேயே தடவிப் போய் ரெகுலேட்டரை மூடினோம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றோம். காலையில் பார்த்தால், நான் துடைத்த வேகத்தில் ஒரு குமிழ் மயிரிழை அளவு திரும்பியிருந்தது. அடுப்பு என்னவோ பளபளவென்றுதான் இருந்தது.

அன்றுமுதல் அடுப்பைச் சுத்தம் செய்வதை ஒரு பாதுகாப்பு வேலையாகத்தான் பார்க்கிறேன். மேல்தட்டு மின்னுவதற்காக நாம் செலவிடும் நேரத்தில் பாதியைப் பர்னருக்கும் டியூபுக்கும் கொடுத்தால், வீட்டில் இருப்பவர்களின் மூச்சுக்கு நல்லது.

முதல் வேலை ரெகுலேட்டரை மூடுவது

துணியை நனைப்பதற்கு முன்பே சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். அடுப்பின் குமிழை மட்டும் மூடினால் போதாது. பல அடுப்புகளில் குமிழை உள்ளே அழுத்தித்தான் திருப்ப முடியும். ஆனால் நாள்பட்ட அடுப்பில் அந்தப் பிடிப்பு தளர்ந்துபோய், துணி பட்டாலே நகர்ந்துவிடுகிறது.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ திரவ வாயு இருக்கிறது. பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த இந்த வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால், கசிந்த வாயு மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கு ஒரு சுவிட்சின் பொறி போதும். கசிவு நேரத்தில் விளக்கைப் போடுவது எவ்வளவு ஆபத்தோ, எரியும் விளக்கை அணைப்பதும் எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுவதும் அதே அளவு ஆபத்து.

அடுத்து, அடுப்பு ஆறட்டும். சமைத்து முடித்துக் குறைந்தது அரைமணி நேரமாவது போகட்டும். சூடான பர்னரில் கை படுவது ஒரு பக்கம். சூடாக இருக்கும் கண்ணாடி அடுப்பில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டு நொறுங்கிவிடலாம்.

தீ சொல்லும் சேதி

அடுப்பு சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டால் நாம் மேல்தட்டைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது தீயை. ஜெட் என்கிற சிறு துளை வழியாக வாயு வேகமாகப் பாயும்போது, பக்கத்துக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. அங்கே இரண்டும் கலந்து, பர்னர் துளைகள் வழியாக வெளியே வந்து எரிகின்றன. காற்று போதுமான அளவு கலந்தால் தீ நீலமாக, சத்தமில்லாமல், நிலையாக நிற்கும்.

பொங்கி வழிந்த பாலும் சோற்றுக் கஞ்சியும் சர்க்கரைப் பாகும் துளைகளில் காய்ந்து இறுகிவிட்டால் இந்தக் கணக்கு கெடுகிறது. வாயு முழுதாக எரியாமல் தீ மஞ்சளாகும், நுனி ஆடும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். பாத்திரத்தில் பிடித்த கரி நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு சேர்ந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் உடம்புக்குப் போக வேண்டிய பிராணவாயு குறைகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணம் தெரியாத சோர்வு என்று வரும், காய்ச்சல் இருக்காது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இதய நோய் உள்ளவர்களையும் இது சீக்கிரம் பாதிக்கும்.

சமையலறையில் நிற்கும்போது மட்டும் தலை வலிக்கிறது, வெளியே வந்தால் சரியாகிறது என்று யாராவது சொன்னால், "வெயில், வேலை அதிகம்" என்று தள்ளிவிடாதீர்கள். தீயின் நிறத்தையும் ஜன்னலையும் பாருங்கள். மயக்கம் வரும் அளவுக்குப் போனால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நீலத் தீயும் முழுக்கக் குற்றமற்றதல்ல. எந்த வாயுத் தீயிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உருவாகிறது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயை அது உறுத்தும். அடுப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒரு சின்ன விளக்கம்: பர்னரைக் கழுவி மாட்டிய உடனே சில நிமிடம் தீ ஆரஞ்சாக எரிந்தால் பயப்பட வேண்டாம். ஒட்டியிருக்கும் சோடாவிலோ உப்பிலோ உள்ள சோடியம் தீயில் ஒளிரும் நிறம் அது. தானே அடங்கிவிடும். சிலிண்டர் தீரும் நேரத்திலும் நிறம் மாறுவதுண்டு. நாள்கணக்கில் மஞ்சளாகவே நின்றால்தான் பர்னரைக் கவனிக்க வேண்டும்.

பர்னரைக் கழற்றிக் கழுவுவது

பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டு, வழிசல் பிடிக்கும் தட்டு, பர்னர் மூடி ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்துவிடுங்கள். ஒரு அகலமான பேசினில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, எல்லாவற்றையும் அரைமணி நேரம் ஊறப்போடுங்கள். காய்ந்த கஞ்சி ஊறினால் தானாகவே இளகும். ஊறவைக்காமல் சுரண்டத் தொடங்குவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

பித்தளை பர்னர் கறுத்திருந்தால், நம் பாட்டிமார் குத்துவிளக்குக்குச் செய்த வைத்தியமே இதற்கும். ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை போதும். அதில் கொஞ்சம் கல்லுப்பு சேர்த்துத் தேய்த்தால் நிறம் திரும்பும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறையைக் கரைக்கிறது. ஆனால் இரவு முழுக்கப் புளித்தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். கால்மணி நேரம் தாண்ட வேண்டியதில்லை. அலுமினியக் கலவையால் ஆன பர்னராக இருந்தால் புளியும் வேண்டாம், சோடா உப்புகளும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் மட்டும்.

துளைகளைத் தையல் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்துங்கள். அப்போது மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டால் அழுக்கு உள்ளே போகாமல் கீழே விழும். பல்குச்சி, தீக்குச்சி வேண்டாம். முறிந்து உள்ளேயே அடைத்துக்கொள்ளும். முக்கியமாக, கீழே உள்ள ஜெட்டைத் தொடாதீர்கள். அது மிக நுண்ணிய அளவில் துளையிடப்பட்டது. ஊசி விட்டுக் குடைந்து அது ஒரு நூல் பெரிதானாலும் தேவைக்கு மேல் வாயு வரும். தீ மறுபடி மஞ்சளாகும். அந்த இடத்துக்கு கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கை அழைப்பதே சரி.

கழுவியதும் ஈரத்தோடு மாட்டக் கூடாது. உதறி, துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். துளையில் நிற்கும் நீர், தீயைச் சடசடக்க வைத்து அணைத்துவிடும். அணைந்தது தெரியாமல் வாயு வந்துகொண்டே இருக்கும்.

மேல்தட்டும் கண்ணாடியும்

தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயோடு தூசியும் சேர்ந்து பிசினாகிவிடும். அதன் மேல் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால்மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். அடுப்பின் மேல் தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டாம். நீர் குமிழ் வழியாக உள்ளே இறங்கினால் வால்வு கெடும்.

கண்ணாடி அடுப்புக்குக் கம்பி நார் ஆகாது. அது போடும் கீறல்கள் நாளடைவில் கண்ணாடியைப் பலவீனமாக்கும். ஓரத்தில் சில்லு பெயர்ந்த கண்ணாடியின் மேல் குக்கரை ஏற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஒன்றோடொன்று சேரக் கூடாதவை

சமையல் சோடாவும் எலுமிச்சையும் சேர்த்து நுரை பொங்கவிடும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்போம். பொங்குவது வெறும் கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு, அழுக்கைக் கரைக்கும் வலு இரண்டுக்குமே பெரும்பாலும் போய்விடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவும் பித்தளைக் கறைக்கு எலுமிச்சையும் தனித்தனியாகப் போட்டால்தான் பலன். இரண்டையும் கலப்பதால் ஆபத்தில்லை, வீண்தான்.

ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. கருகிய கறை போகவில்லை என்று கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டைச் சமையலறைக்கு எடுத்துவருபவர்கள் உண்டு. அந்த இடத்தில் ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால், இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் வீரர்கள் மீது ஆயுதமாக ஏவப்பட்ட வாயு அதுதான். மூடிய சிறு சமையலறையில் நுரையீரலைப் புண்ணாக்க அதில் சிறிதளவே போதும். அமோனியா கலந்த திரவமும் பிளீச்சும் சேர்ந்தாலும் விஷவாயுதான். அடுப்புக்கு ஆசிட் எந்த நிலையிலும் வேண்டாம் என்பதே என் முடிவு. எவர்சில்வரையும் அது அரித்துவிடும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணி, சானிடைசர், கரப்பான் ஸ்பிரே ஆகிய மூன்றும் தீப்பிடிப்பவை. அடுப்புப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

அடுப்புக்கு அடியில்

அடுப்பைத் தூக்கிப் பார்க்காத வீடுகள் நிறைய. அடியில் சிந்திய எண்ணெயும் பருப்பும்தான் கரப்பான்களின் இரவு உணவு. அவற்றின் எச்சமும் உரிந்த தோலும் காற்றில் கலந்து ஆஸ்துமாவைத் தூண்டும். வாசனைக்கு வரும் எலி டியூபையும் கடித்துவிடுகிறது. வாரம் ஒருமுறை, ரெகுலேட்டரை மூடிவிட்டு, அடுப்பை நகர்த்தித் துடையுங்கள்.

டியூபை ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெயோ ரசாயனமோ படக் கூடாது. அழகுக்காக அதன் மேல் உறை போடாதீர்கள். வெடிப்பும் கடித்த தடமும் மறைந்துவிடும். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். ஆண்டு டியூப் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். துடைக்கும்போது அதையும் படியுங்கள்.

ஓவன் உள்ள வீடுகளுக்கு

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் அடுப்புக்குக் கீழேயே கேஸ் ஓவன் இருக்கலாம். அதற்கென்று விற்கும் ஸ்பிரேக்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். அது தோலையும் கண்ணையும் அரிக்கும், அலுமினியத்தையும் தின்னும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்து, வாயுவை மூடி, ஓவன் முழுக்க ஆறிய பிறகுதான் அடிக்க வேண்டும். பழைய வகையில் எப்போதும் எரியும் சிறு தீ ஒன்று இருக்கும். அதுவும் அணைந்திருக்க வேண்டும். பர்னர் மீது ஸ்பிரே படக் கூடாது. கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எலுமிச்சை பிழிந்து முறிக்க முயலாதீர்கள். அழுக்குப் படாமலிருக்க ஓவனின் அடித்தளத்தை அலுமினியத் தாளால் மூடுவதும் தவறு. காற்றுப் பாதை அடைபட்டு, முன்பு சொன்ன அதே கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

மீண்டும் பற்றவைக்கும் முன்

மூடிகள் அதனதன் இடத்தில் ஆடாமல் உட்கார்ந்திருக்கின்றனவா, குமிழ்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரெகுலேட்டரைத் திறங்கள். டியூபின் இரு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டு, கதவுகளைத் திறந்து, வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் இயங்கும் அவசர எண் அது. அக்கம்பக்கத்தவருக்கும் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் மண் அடுப்பை இரவில் மெழுகிக் கோலம் போட்டுவிட்டுத்தான் படுப்பார்கள். காலையில் தீ மூட்டும் இடம் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அது. நமக்குக் கோலம் போட இடமில்லாமல் போயிருக்கலாம். இன்றிரவு பால் காய்ச்சும்போது, பற்றவைத்த பிறகு கொஞ்சம் குனிந்து, தீ என்ன நிறத்தில் எரிகிறது என்று பாருங்கள். மஞ்சளாக இருந்தால், நாளைக் காலைக் காபிக்கு அடுப்பை மூட்டுவதற்கு முன் பர்னரைக் கழற்றி ஊறப்போடுங்கள்.