சிபாப் கருவியின் நீர்த்தொட்டி: தூய்மையும் பராமரிப்பும்

உறக்க மூச்சுத்தடை நோய்க்காகச் சிபாப் கருவி பயன்படுத்துவோர் மறுபரிசோதனைக்கு வரும்போது, கருவியுடன் அதன் நீர்த்தொட்டியையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். பலருக்கு இது வியப்பளிக்கிறது. இரவில் எத்தனை மணி நேரம் கருவியை அணிந்திருந்தீர்கள் என்பதைக் கருவியின் பதிவுகள் சொல்லிவிடும். சில இரவுகளில் ஏன் கழற்றி வைத்தீர்கள் என்பதைச் சில வேளைகளில் நீர்த்தொட்டிதான் சொல்கிறது.

நாம் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் பணி. சிபாப் கருவி இரவு முழுவதும் அழுத்தத்துடன் காற்றைச் செலுத்துவதால் மூக்கினால் அந்த வேலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் போகலாம். உறக்கத்தில் வாய் திறந்து காற்று கசியுமானால் நிலைமை இன்னும் மோசமாகும். மூக்கின் உட்சவ்வு உலர்ந்து, வீங்கி, அடைத்துக்கொள்ளும், தொண்டை வறளும். இதனைத் தவிர்ப்பதற்காகவே கருவியுடன் ஈரப்பதமூட்டி இணைக்கப்பட்டுள்ளது. அதன் அடியில் ஒரு சூடேற்றும் தகடு. அதன் மேல் நீர்த்தொட்டி. வீடுகளில் பலரும் இதனைத் ‘தண்ணீர் டப்பா’ என்கின்றனர்.

ஐம்பது வயதைக் கடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் மூன்று வாரங்களாகக் கருவியை அணியாமலேயே பரிசோதனைக்கு வந்தார். காற்றில் பாசி வாடை அடிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பகல் தூக்கம் அவருக்குத் திரும்பிவிட்டிருந்தது; ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒரு முறை கண்ணயர்ந்திருக்கிறார். தொட்டியின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. ரப்பர் வளையத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம். “நல்ல தண்ணிதான் டாக்டர் ஊத்துறோம், நாங்க குடிக்கிற சிறுவாணித் தண்ணிதான்” என்றார் அவர் மனைவி. அவர் சொன்னது உண்மையே. குடிப்பதற்கு அத்தண்ணீர் மிக நல்லது. ஆனால் குடிக்கும் நீர் உடலுக்குள் சென்றுவிடுகிறது. தொட்டியில் ஊற்றும் நீரோ ஆவியாகி, தன்னிடமிருந்த உப்புகளை அங்கேயே விட்டுச்செல்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 2000 மில்லிகிராம் வரை அது அனுமதிக்கிறது. 500 மில்லிகிராம் உள்ள நீரில் ஓர் இரவுக்கு 300 மில்லிலிட்டர் ஆவியாவதாகக் கொண்டால், 150 மில்லிகிராம் உப்பு பின்தங்கும். எஞ்சிய நீரைக் கொட்டாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தால், முப்பது இரவுகளில் நாலரை கிராம் சேரும். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. ஆழ்குழாய்க் கிணற்று நீரானால் இன்னும் கூடும். இப்படிவு சூடு நீருக்குச் சீராகச் சென்று சேர்வதைத் தடுக்கிறது. சொரசொரப்பான அதன் மேற்பரப்பு கிருமிகள் ஒட்டி வளர இடம் தருகிறது.

கிருமிகளைப் பற்றி மிகையான அச்சமும் வேண்டாம். இந்த ஈரப்பதமூட்டி நீரைத் துளிகளாகச் சிதறடிப்பதில்லை. ஆவியாக மட்டுமே மாற்றுகிறது. தொட்டியில் உள்ள கிருமிகள் யாவும் காற்றோடு நுரையீரலுக்குப் போய்விடும் என்பது சரியன்று. ஆனால் தொட்டி சாய்ந்து குழாய்க்குள் நீர் புகுந்தால், அந்நீர் முகமூடி வரை வந்துவிடும். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் விரைவில் பெருகும் என்பதையும் மறக்கலாகாது.

எந்த நீரை ஊற்றலாம்? காய்ச்சி வடித்த நீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், மிகச் சிறந்தது. மருந்துக்கடைகளில் கேட்டு, முத்திரை உடையாத புட்டியாக வாங்குங்கள். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் ‘பேட்டரி தண்ணீர்’ போதாதா என்று பலர் கேட்கின்றனர். அதில் உப்பு நீக்கப்பட்டிருக்கும். கிருமி நீக்கப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. பேட்டரிக் கடைகளில் அமிலமும் இதேபோன்ற கேன்களில்தான் விற்கப்படுகிறது. வீட்டில் ஒரே அலமாரியில் இரண்டும் இருந்தால் தவறு நேர அதிக நேரம் ஆகாது. ஆகவே நான் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

காய்ச்சி ஆறவைத்த நீரில் கிருமிகள் மடிந்திருக்கும். கரைந்த உப்புகளில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு எனினும் முற்றிலும் இல்லாமல் இல்லை. சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் ஆர்.ஓ. கருவிகளும் உள்ளன. காய்ச்சி வடித்த நீரை எப்போதும் வாங்குவதற்குச் செலவு இடம் தராவிட்டால், ஆர்.ஓ. நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கீழே சொல்லும் வினிகர்க் கழுவலைச் சற்று அடிக்கடி செய்யுங்கள். தண்ணீர் சரியில்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூக்கடைப்புக்கு நல்லது என்று நீலகிரித் தைலத்தையோ, கற்பூரத்தையோ, துளசிச் சாற்றையோ தொட்டியில் விடாதீர்கள். ஆவி பிடிப்பது சில நிமிட வேலை. இங்கோ ஏழெட்டு மணி நேரம் அந்த எண்ணெயின் ஆவி மூச்சுக்குழாயை உறுத்திக்கொண்டிருக்கும். தொட்டியின் பிளாஸ்டிக்கும் கெடும். மூக்கில் விடும் உப்புநீர்க் கரைசலும் இதற்கு ஆகாது.

காலையில் எழுந்ததும் கருவியின் மின்னிணைப்பை நீக்குங்கள். தகடு சூடாக இருக்கும். கால் மணி நேரம் ஆறட்டும். பின்பு தொட்டியைக் கழற்றி, மிஞ்சிய நீர் முழுவதையும் கொட்டி, ஒரு முறை அலசி, திறந்தபடியே நிழலில் உலரவையுங்கள். இது இரண்டு நிமிட வேலை. இதைத் தவறாமல் செய்பவர்களின் தொட்டியில் வழுவழுப்பை நான் கண்டது அரிது. ஈரமில்லாத இடத்தில் கிருமி வளர இயலாது. உலரும்போது மெல்லிய துணியால் மூடிவையுங்கள். நம் வீடுகளில் பல்லிக்கும் எறும்புக்கும் பஞ்சமில்லை.

வாரம் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில் மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டுத் தொட்டியைக் கழுவுங்கள். மிருதுவான துணியோ, இதற்கென்றே ஒதுக்கிய மென்மையான பிரஷ்ஷோ போதும். கம்பி நார், தேங்காய் நார், சாம்பல் ஆகியன கூடாது. அவை உண்டாக்கும் கீறல்களில் கிருமி தங்கும். ரப்பர் வளையத்தின் மடிப்புகளில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிக் கழுவி, திரும்பச் சரியாகப் பொருத்துங்கள். வளையம் பிசகினால் காற்று கசிந்து அழுத்தம் குறையும். சோப்பின் மணம் சிறிதும் இல்லாத வரை அலசுங்கள்.

வெள்ளைப் படிவு தென்பட்டால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, தொட்டியில் நிரப்பிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். சுண்ணாம்புப் படிவை வினிகரின் அமிலம் கரைத்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல் புளியோ எலுமிச்சையோ தேய்க்க வேண்டாம். சக்கையும் இனிப்பும் ஒட்டிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர், டெட்டால், ஸ்பிரிட் ஆகியவையும் கூடாது. அவற்றின் நெடி பிளாஸ்டிக்கில் தங்கி, இரவில் மூச்சோடு உள்ளே போகும். கொதிநீர் தொட்டியை வளைத்துவிடும். உங்கள் கருவியின் கையேட்டில் வேறு முறை கூறப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஓசோன் வாயுவாலும் புற ஊதாக் கதிராலும் தூய்மை செய்யும் பெட்டிகள் இணையத்தில் நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. சிபாப் கருவிகளைத் தூய்மை செய்வதற்கென இவற்றுக்குத் தான் ஒப்புதல் வழங்கவில்லை என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. ஓசோன் எஞ்சியிருந்தால் நுரையீரலை உறுத்தும். அப்பணத்தில் ஆண்டு முழுவதற்கும் காய்ச்சி வடித்த நீர் வாங்கலாம்.

நீர் நிரப்பும்போது தொட்டியைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டு, உச்ச அளவுக் கோட்டைத் தாண்டாமல் நிரப்புங்கள். கருவியைப் படுக்கையைவிடத் தாழ்வான, சமமான இடத்தில் வையுங்கள். நீருடன் தூக்கிச் செல்லாதீர்கள். ஊருக்குப் புறப்படும்போது தொட்டியைக் காலிசெய்து துடைத்த பின்பே பையில் வையுங்கள். உள்ளே நீர் புகுந்து மோட்டார் பழுதான கருவிகள் எங்களிடம் வந்ததுண்டு.

குளிர்சாதன அறையில் உறங்குவோருக்குக் குழாயில் நீர் திரண்டு களகளவென்று ஒலி எழலாம். முகத்தில் துளி சொட்டலாம். அது கருவியின் பழுதன்று. ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், அல்லது குழாயைப் போர்வைக்குள் வையுங்கள்.

விரிசல், மங்கல், கழுவியும் போகாத கறை, இறுகிப்போன ரப்பர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தொட்டியை மாற்றவேண்டும். ஆறு மாதத்திற்கொரு முறை மாற்றுமாறு சில தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். நன்கு பேணப்பட்ட தொட்டி அதற்கு மேலும் உழைப்பதைக் காண்கிறேன். நாள்காட்டியைவிடக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதே சரி.

நல்ல நீர் கிடைக்காத இரவில், பெரும்பாலான கருவிகளில் ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டுக் காலித் தொட்டியுடனேயே உறங்கலாம். காலையில் சற்றுத் தொண்டை வறளும், அவ்வளவே.

சர்க்கரை நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், ஸ்டீராய்டு மருந்தோ புற்றுநோய்ச் சிகிச்சையோ பெறுபவர்களும் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்துவது நல்லது. அவர்களுக்குக் காய்ச்சல், நிறம் மாறிய சளி, புதிதாய் மூச்சுத்திணறல், விடாத மூக்கடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வரவேண்டும். தொட்டியைக் கழுவாமல், உள்ள நிலையிலேயே ஒரு பையில் கட்டி உடன் கொண்டுவாருங்கள்.