பெனிடோர்ம்: கடற்கரையும் மரபும்

பெனிடோர்ம் என்பது ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில், வலென்சியா தன்னாட்சிப் பகுதியின் அலிகாந்தே மாகாணத்தில் அமைந்துள்ள கடலோர நகரம். மத்தியதரைக் கடலை நோக்கிய இரண்டு நீண்ட மணல் கடற்கரைகளும், அவற்றின் பின்னே எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களும் இதன் அடையாளங்கள். 1950ஆம் ஆண்டளவில் சுமார் 3,000 பேர் மட்டுமே வாழ்ந்த மீனவ ஊராக இருந்த இது, இன்று ஏறத்தாழ 70,000 மக்கள் வாழும் நகரமாகியுள்ளது. கோடையில் இங்கு தங்குவோரின் எண்ணிக்கை இதைப் போலப் பல மடங்கு. ஸ்பானிஷ், வலென்சிய மொழி ஆகிய இரண்டும் இங்கு ஆட்சிமொழிகள்.

பெனிடோர்மைக் கடலும் வெயிலும் மட்டுமே உள்ள கேளிக்கை நகரமாகக் கருதுவோர் பலர். ஆனால் கடலை நம்பி வாழ்ந்த ஓர் ஊர், அந்தப் பிழைப்பு கைவிட்டபோது என்ன செய்தது, எதை மறக்காமல் வைத்துக்கொண்டது என்பதற்கும் இந்நகரம் நல்ல எடுத்துக்காட்டு.

கடற்கரைகள்

பழைய ஊர் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பாறை முனையின்மேல் அமைந்துள்ளது. அதன் கிழக்கே லெவாந்தே கடற்கரை, மேற்கே பொனியேந்தே கடற்கரை. ஸ்பானிஷ் மொழியில் லெவாந்தே என்றால் ஞாயிறு எழும் திசை. பொனியேந்தே என்றால் ஞாயிறு மறையும் திசை. லெவாந்தே ஏறத்தாழ 2 கி.மீ. நீளமுடையது. வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாகக் கூடுவது இங்குதான். பொனியேந்தே சுமார் 3 கி.மீ. நீளமுடையது, ஒப்பீட்டளவில் அமைதியானது. இங்கு கார்லோஸ் ஃபெராத்தர் முதலான கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த, அலைபோல் வளைந்து செல்லும் பல வண்ண நடைபாதை 2009இல் நிறைவடைந்தது. இரண்டு கடற்கரைகளுக்கும் நடுவே, பாறையின் அடியில் மால் பாஸ் என்ற சிறு கடற்கரை உள்ளது. பாறையின் உச்சியில் முன்பு கோட்டை இருந்த இடம், இன்று வெள்ளைக் கைப்பிடிச் சுவர்கள் சூழ்ந்த காட்சி மேடை.

விரிகுடா தெற்கு நோக்கி இருப்பதால் பகல் முழுவதும் வெயில் விழுகிறது. வடக்கே உள்ள மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. இதனால் குளிர்காலத்திலும் இங்கு கடுங்குளிர் இருப்பதில்லை. முதியவர்கள் பலர் அக்காலத்தில் வந்து தங்குகின்றனர்.

கடலில் சற்றுத் தொலைவில் முக்கோண வடிவில் ஒரு சிறு தீவு தெரியும். பின்னணியில் உள்ள புயிக் காம்பானா மலையின் (1,406 மீ.) உச்சியில் வெட்டி எடுத்தாற்போல ஒரு பள்ளம் உண்டு. இவ்விரண்டையும் இணைத்து ஒரு நாட்டுப்புறக் கதை வழங்குகிறது. அன்றைய கடைசிக் கதிர் மறையும்போது தன் காதலி இறந்துவிடுவாள் என்று அறிந்த ரோல்தான் என்னும் அரக்கன், அந்த ஒளி சிறிது நேரம் நீடிக்கட்டும் என்று மலையின் ஒரு துண்டைப் பெயர்த்துக் கடலில் எறிந்தானாம். அந்தத் துண்டே தீவாயிற்று என்பர். நகரின் கிழக்கே 300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள செங்குத்துப் பாறைகளைக் கொண்ட செர்ரா ஜெலாடா மலைத்தொடர் உள்ளது. இது 2005இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவும் சுற்றியுள்ள கடற்பகுதியின் கடற்புல் வெளிகளும் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும்.

மீனவ ஊர் சுற்றுலா நகரமான கதை

1325இல் பெர்னாத் தெ சரியா வழங்கிய குடியேற்றச் சாசனத்திலிருந்து ஊரின் வரலாறு தொடங்குகிறது. பிற்காலத்தில் இவ்வூரார் 'அல்மத்ராபா' மீன்பிடிப்பில் பெயர் பெற்றனர். கூட்டமாக இடம்பெயரும் சூரை மீன்களின் வழியில், நங்கூரமிட்டு நிலையாக நிறுத்தப்பட்ட வலைகளை அறை அறையாக அமைத்து, மீன்களைக் கடைசி அறைக்குள் செலுத்திப் பிடிக்கும் முறை இது. எங்கே, எப்போது, எப்படி வலை அமைப்பது என்பதில் தேர்ந்த பெனிடோர்ம்காரர்கள் மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். மற்றவர்கள் வணிகக் கப்பல்களில் மாலுமிகளாகச் சேர்ந்தனர். 1950களின் தொடக்கத்தில் ஊரின் அல்மத்ராபா நின்றுபோனது.

அக்காலத்தில் நகரத் தலைவராக இருந்தவர் பெட்ரோ சரகோசா (1922–2008). மீனுக்கு மாற்றாக வெயிலையும் கடற்கரையையும் நம்பலாம் என்று அவர் முடிவு செய்தார். 1956இல் ஊர் முழுவதற்குமான நகரமைப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. அகன்ற சாலைகளும் கடலோர நடைபாதைகளும் அதில் இடம்பெற்றன. பிராங்கோவின் ஆட்சியில் இரண்டு துண்டு நீச்சலுடை ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்டது. அதை இங்கு அனுமதித்ததால் எதிர்ப்பு எழவே, சரகோசா ஸ்கூட்டரில் மாட்ரிட் வரை சென்று பிராங்கோவையே நேரில் கண்டார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. 1959இல் தொடங்கிய பாட்டுப் போட்டியும் ஊரின் பெயரைப் பரப்பியது. 1968இல் அதில் வென்ற ஹூலியோ இக்லேசியாஸ் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

உயரக் கட்டடங்களும் நீரும்

1963இல் திட்டம் திருத்தப்பட்டு, கட்டடங்களின் உயர வரம்பு நீக்கப்பட்டது. 2002இல் திறக்கப்பட்ட கிரான் ஹோட்டல் பாலி 186 மீ. உயரமுடையது. 47 மாடிகள் கொண்ட இன்டெம்போ கட்டடத்தின் பணி 2007இல் தொடங்கிப் பொருளாதார நெருக்கடியில் தடைபட்டு, 2021இல் முடிந்தது.

இக்கட்டடங்கள் கடற்கரையின் அழகைக் கெடுத்துவிட்டன என்பது ஒரு தரப்பின் கருத்து. மேல்நோக்கிக் கட்டியதால் நிலம் மிச்சமானது, பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே செல்ல முடிகிறது, தோட்டமும் நீச்சல்குளமும் கொண்ட தனி வீடுகளைவிட நீர்ச்செலவும் குறைகிறது என்பது மறு தரப்பின் வாதம். மழை குறைந்த இப்பகுதியில் நீர் சிறிய விஷயமன்று. 1978ஆம் ஆண்டு வறட்சியில் குடிநீரைக் கப்பல்களில் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்று நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு வேளாண்மைக்குத் தரப்படுகிறது. அதற்கு ஈடாக உழவர்கள் நன்னீரை நகரங்களுக்கு விட்டுக்கொடுக்கின்றனர்.

விழாக்கள்

ஊரின் தலையாய விழா நவம்பர் மாதம் இரண்டாம் ஞாயிற்றையொட்டி நடைபெறுகிறது. 1740இல் ஆளில்லாத கப்பலொன்று கரையோரம் மிதந்து வந்தது. கொள்ளைநோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சிய ஊரார் அதற்குத் தீ வைத்தனர். எரிந்து முடிந்தபின் சாம்பலில் கன்னி மரியாளின் உருவம் கருகாமல் கிடந்ததாக மரபு கூறுகிறது. இந்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் மால் பாஸ் கடற்கரையில் நடித்துக் காட்டுகின்றனர். ஊர்வலம், இசைக்குழுக்கள், வாணவேடிக்கை என விழா பல நாள் நீள்கிறது.

இவ்விழா கோடைக்கூட்டம் கலைந்த பிறகு வருவது கவனிக்கத்தக்கது. ஆண்டு முழுவதும் பிறருக்குச் சேவை செய்யும் ஊரார், தம் தெருக்களில் தாமே கூடி மகிழும் நாட்கள் இவை. வலை போனது, படகுகள் குறைந்தன. ஆனாலும் கடல் கொண்டுவந்த அச்சத்தையும் அருளையும் ஊர் இந்த விழாவின் வழியே நினைவில் வைத்திருக்கிறது. ஜூலையில் கடலோடிகளின் காவலாகக் கருதப்படும் கார்மேன் மாதாவின் விழாவும், இலையுதிர் காலத்தில் மூர்கள்–கிறிஸ்தவர்கள் போர்களை நினைவுகூரும் அணிவகுப்பும் நடைபெறுகின்றன.

உணவு

மீன் வேகவைத்த சாற்றில் அரிசியைச் சமைத்து, மீனைத் தனியே பரிமாறும் 'அர்ரோஸ் ஆ பாந்தா' இக்கடலோரத்தின் மீனவ உணவு. பாதாமும் தேனும் சேர்ந்த துர்ரோன் இனிப்பு அலிகாந்தே மாகாணத்தின் சிறப்பு. மதிய உணவு பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பிறகே உண்ணப்படுகிறது.

பயணிகள் கவனத்திற்கு

அலிகாந்தே நகரிலிருந்து பெனிடோர்முக்கு டிராம் வண்டியிலும் பேருந்திலும் செல்லலாம். வெயிலும் கூட்டமும் மிகுந்த ஜூலை, ஆகஸ்டைவிட மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் உகந்தவை. விழாவைக் காண விரும்புவோர் நவம்பரில் வரலாம். கடற்கரையில் பச்சைக் கொடி இருந்தால் குளிக்கலாம். மஞ்சள் எச்சரிக்கையைக் குறிக்கும். சிவப்பு இருந்தால் நீரில் இறங்கக் கூடாது. ஸ்பெயின் சட்டப்படி கடற்கரைகள் பொதுச்சொத்து. மணலில் அமர எவருக்கும் கட்டணமில்லை. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும் மட்டும் வாடகை உண்டு.

ஒரு நாள் மட்டுமே தங்குவோரும் மாலையில் பழைய ஊரின் குறுகிய தெருக்கள் வழியே, நீலக் குவிமாடம் கொண்ட தேவாலயத்தைக் கடந்து, பாறை முனைக்குச் செல்வது நல்லது. அங்கு நின்றால் இருபுறமும் உயர்ந்த கட்டடங்களும், காலடியில் கப்பல் எரிக்கப்படும் சிறு கடற்கரையும், எதிரே கதைத் தீவும் ஒருசேரத் தெரியும்.