காமிக் சான்ஸ்: எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது?

வேர்டில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்து கீழே இறங்கினால் 'காமிக் சான்ஸ் எம்எஸ்' என்ற பெயர் கண்ணில் படும். கையால் எழுதியதுபோல் உருண்டையாக இருக்கும் இந்த எழுத்துரு, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு உடனே பிடித்துவிடும். எனக்கும் பிடித்தது. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் இன்ஜினியரிங் முதலாண்டு படித்தபோது தாத்தா காலமானார். அப்பாவின் அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்க, பதினாறாம் நாள் காரியக் கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்யும் வேலை எனக்கு. அழகாக இருக்கட்டுமே என்று காமிக் சான்ஸில் அடித்து 50 பிரதிகள் பிரிண்ட் எடுத்தேன். வாங்கிப் பார்த்த பெரியப்பா, "என்னப்பா, பர்த்டேக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கே!" என்றார். அப்பா எதுவும் சொல்லவில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, எழுத்துருதான் பிழை. அன்றிரவே டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றி, மறுபடியும் 50 பிரதிகள் எடுத்தேன்.

இந்த எழுத்துரு பிறந்த கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1994இல் மைக்ரோசாப்ட் 'பாப்' என்ற மென்பொருளைத் தயாரித்து வந்தது. அதில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும். அதன் பேச்சு டைம்ஸ் நியூ ரோமனில் இருந்ததைப் பார்த்த வடிவமைப்பாளர் வின்சென்ட் கானேர், நாய்க்கு இவ்வளவு கம்பீரமான எழுத்து பொருந்தாது என்று நினைத்தார். காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்துப் புது எழுத்துரு வரைந்தார். அது பாப்பில் இடம்பெறவில்லை. ஆனால் விண்டோஸ் 95 பிளஸ் பேக்கில் சேர்ந்து, உலகமெங்கும் பரவியது.

2012 ஜூலை 4 அன்று, ஹிக்ஸ் போசான் ஆய்வு முடிவுகளைச் செர்ன் ஆய்வகம் அறிவித்தபோது, ஒரு குழுவின் ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. அறிவியலோடு எழுத்துருவும் பேச்சாகிவிட்டது!

சரி, எங்கே பயன்படுத்தலாம்?

* குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்பு, பாடப் பயிற்சித் தாள், கார்ட்டூன் வசனம்: தாராளமாக.
* பயோடேட்டா, வேலை விண்ணப்பம், அலுவலகக் கடிதம், இரங்கல் செய்தி: வேண்டாம்.
* பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம், வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்ற எழுத்துருக்களில் இதையும் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தரும் தாளில் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழில் டைப் செய்தால், நிர்மலா போன்ற வேறு எழுத்துருவில்தான் தெரியும். அடுத்து, நீங்கள் அனுப்பும் ஃபைலைத் திறப்பவரிடம் இந்த எழுத்துரு இல்லாவிட்டால் தோற்றமே மாறிவிடும். எனவே பிடிஎஃப் ஆக சேவ் செய்து அனுப்புங்கள்.

பிரிண்ட் கொடுக்கும் முன், படிக்கப்போகிறவரை ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். எந்த எழுத்துரு என்பது தானாகவே தெரிந்துவிடும்.