புகைத்த பையன் பிடிபட்டான், கொடுத்தவன் எங்கே?

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் காலனிகளில் ஒரு பையன் கஞ்சா பொட்டலத்துடன் பிடிபட்டால், ஊரில் செல்வாக்குள்ள யாரையாவது தேடித்தான் நாம் முதலில் ஓடுகிறோம். ஊர்த்தெருப் பையன் எச்சரிக்கையோடு வீடு திரும்ப, நம் பையன் மீது வழக்குப் பாய்வதையும் பார்த்துவருகிறோம். செல்வாக்கு இல்லாத நமக்குச் சட்டம்தான் துணை.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. கஞ்சாவை எந்த வயதில் புகைத்தாலும் குற்றம். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி புகைத்தவருக்கு 6 மாதம் வரையும், ஒரு கிலோ வரை வைத்திருந்தவருக்கு ஓராண்டு வரையும் சிறை கிடைக்கலாம். தனித்தனியே 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால், 18 வயதுக்குட்பட்டவருக்கு 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும். அவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் முன் நிறுத்த வேண்டும். அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பவும் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு.

அதே சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறுவரை வைத்து விற்பவருக்கும் கடத்துபவருக்கும் 78-வது பிரிவில் இதே தண்டனைதான். பையன் பிடிபட்டால், அவனுக்குக் கொடுத்தவர் மீது இப்பிரிவுகளில் வழக்குப் போடும்படி எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்க வேண்டும்.

பிடிபட்ட பிள்ளையைத் தனியே விடவே கூடாது. 2022 டிசம்பர் 31 அன்று, திருட்டு வழக்கில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். அவனை அடித்ததாக இல்ல ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களின் நிலையை ஆராய முன்னாள் நீதிபதி கே.சந்துருவை அரசு நியமித்தது.

பட்டியல் சாதியினருக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அழைக்க வேண்டிய எண் 15100. குழந்தைகள் உதவிக்கு 1098. பழக்கத்திலிருந்து மீள 14446.

அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனாலும் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. சிறுவயது வழக்கு வேலைக்குத் தடையாகக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு. பெரியவராகக் கருதி விசாரிக்கப்படும் கொடுங்குற்ற வழக்குகளுக்கு மட்டுமே இதில் விலக்கு. “இனி இவனுக்கு வேலையே கிடைக்காது” என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.