நிழலுக்கும் நீளம் உண்டு!

கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். ராயபுரத்து வீட்டிலிருந்து மனைவி போன் செய்கிறாள். "தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்" என்கிறது ஒரு குரல். அப்பாலா? அடுத்த தெரு மாதிரி அல்லவா இருக்கிறது துறைமுகம்! அடிவயிறு கலங்குமா, கலங்காதா?

கலங்க வேண்டாம், சகோதரிகளே! அநேகமாக அவர் ஒரு நிழலில் நிற்கிறார்.

செல்போன் டவரை ஒரு விளக்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். தள்ளிப் போகப் போக வெளிச்சம் மங்கும். அது தூரத்தின் கணக்கு. நடுவே ஒரு கிட்டங்கி குறுக்கிட்டால் அதன் பின்னால் நிழல் விழும். அது வேறு கணக்கு. முழு இருட்டு என்று சொல்ல முடியாது. ரேடியோ அலை மூலை வளைந்தும் சுவரில் மோதித் தெறித்தும் கொஞ்சம் வந்து சேரும். ஆனாலும் டவரிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள இரண்டு இடங்களில், ஒன்றில் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் மற்றதில் கிடைக்கிறது என்பது சர்வ சாதாரணம்.

சரி, எத்தனை அடி நகர்ந்தால் இந்த நிழலை விட்டு வெளியே வரலாம்? 1991-ல் ஸ்வீடன் தேசத்து குட்மண்ட்ஸன் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார். அளந்து பார்த்ததில், புறநகரில் நூறு மீட்டர் போன பிறகும் பழைய நிழலின் சாயல் பெரும்பாலும் மிச்சமிருந்தது. நெருக்கமான நகரத்திலோ பத்து மீட்டரிலேயே முக்கால்வாசி கலைந்துவிட்டது! ஆகவே ராயபுரத்துச் சந்தில் சிக்னல் இல்லையென்றால் தெருமுனை வரை நடந்து பாருங்கள். எண்ணூர்ப் பக்கத்துப் பெரிய ஷெட்டுகளின் ஓரத்தில் பத்தடி நடந்து பிரயோஜனமில்லை.

(போனை ஒரு சாண் நகர்த்தினாலே சில சமயம் பேச்சு தெளிவாகிறதே என்பீர்கள். அது நிழல் அல்ல. அலைகள் ஒன்றோடொன்று மோதி அடிக்கும் கூத்து.)

துறைமுகத்தின் சங்கதியே தனி. 1983-லேயே இங்கே கன்டெயினர்களுக்கென்று தனி டெர்மினல் வந்துவிட்டது. பெட்டி முழுவதும் இரும்பு. உயரம் எட்டரை அடி. ஐந்தை அடுக்கினால் நாற்பது அடிக்கு மேல் சுவர்! அதுவும் நடமாடும் சுவர். காலையில் இருந்த சந்து மாலையில் இராது. இஞ்சினியர் எவ்வளவு சிரத்தையாக சிக்னல் படம் வரைந்தாலும் கப்பல் ஒன்று வந்து போனால் படம் பழசாகிவிடும். பாவம், அவர் என்ன செய்வார்?

போன் கிடைக்காத வேளையில் ஒரு வரி எஸ்.எம்.எஸ். அனுப்பி வையுங்கள். கம்பெனியின் கம்ப்யூட்டர் அதைக் கொஞ்ச காலம் பத்திரமாக வைத்திருக்கும். லாரி பெட்டிச் சுவரைத் தாண்டியதும் கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.