சாரத்தை எப்போது பிரிப்பது?

பிள்ளைக்கு உதவுவது எது, பிள்ளையின் வேலையைப் பெற்றோரே பறித்துக்கொள்வது எது என்ற வினா, குழந்தை உளவியலின் பல கோட்பாடுகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேரி எய்ன்ஸ்வர்த் 1954-55இல் உகாண்டாவின் கம்பாலாவுக்கு அருகே வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கவனித்தபோது, தவழும் குழந்தை தாயை விட்டு விலகிச் சென்று பொருள்களை ஆராய்வதையும், இடையிடையே தாயைத் திரும்பிப் பார்த்துத் துணிவு பெற்று மீண்டும் விலகுவதையும் கண்டு, தாயைக் குழந்தையின் 'பாதுகாப்பான தளம்' என்று கருதினார். சிங்கப்பூரின் கிராஞ்சி அணைக்கட்டுக்கு அருகிலுள்ள சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தின் பலகைப் பாதையில் இதை இன்றும் காணலாம். அலையாத்தி வேர்களுக்கிடையே சேற்றில் துள்ளும் மீனைக் குனிந்து பார்க்கும் சிறு பிள்ளை உடனே தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்த முகம் அமைதியாக இருந்தால் மறுபடியும் மீனிடம் போகும். முகம் பதறினால் ஓடிவந்து சேலையையோ சட்டையையோ பற்றிக்கொள்ளும்.

1934இல் தமது 37ஆம் வயதிலேயே மறைந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதே உறவைக் கற்றலின் பக்கமிருந்து பார்த்தார். குழந்தை தனித்துச் செய்யக்கூடியதற்கும், அறிந்தவர் ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள பரப்பில்தான் கற்றல் நிகழ்கிறது என்பது அவர் கூறியது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் துணைக்குக் கட்டடத் தொழிலின் சொல்லையே பெயராக வைத்தது: சாரம். 3 முதல் 5 வயது வரையான 30 குழந்தைகள் 21 மரக்கட்டைகளைக் கொண்டு கூர்ங்கோபுரம் அமைக்க வேண்டும். கற்பிப்பவர் குழந்தையால் இயன்றவரை அதனையே செய்யவிட்டு, முதலில் சொல்லால் உதவி, அது போதாதபோது மட்டும் செய்துகாட்ட வேண்டும். கிராஞ்சி வட்டாரத்து விடுதிகளில் தங்கிக் கட்டட வேலைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளரைக் கேட்டால், சுவர் கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பதை எந்த நூலின் துணையுமின்றிச் சொல்வார்கள்.

பிரிக்கப்படாத சாரம் என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ரையன் ஹோங் தலைமையிலான குழு, 7 வயதில் தொடங்கி 263 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டது. ஆய்வில் வைத்த விளையாட்டொன்றில், குறித்த நேரத்துக்குள் இயன்றவரை அதிகமான புதிர்களைப் பிள்ளை தீர்க்க வேண்டும். பெற்றோர் தேவைப்படும்போது உதவலாம். அதில் சில பெற்றோர் பிள்ளை நகர்த்திய காயைத் தாமே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்கள். பிள்ளை கேட்கவில்லை, தோற்றுவிடவுமில்லை. ஆனாலும் கை நீண்டது. இவ்வாறு மிகுதியாகக் குறுக்கிட்ட பெற்றோரின் பிள்ளைகளிடம், சிறு தவற்றுக்கும் தம்மையே கடிந்துகொள்ளும் போக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்ந்தது. அப்போக்கு உயர்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வின், பதற்றத்தின் அறிகுறிகளும் மிகுந்தன. ஆய்வுக்குட்பட்டோரில் சுமார் 60 விழுக்காட்டினரிடம் இத்தகைய தற்குறைகூறல் அதிகமாகவோ அதிகரித்துக்கொண்டோ இருந்தது என்பது மிகவும் வருத்தத்துக்குரியது. அன்போடு நீண்ட கைதான் அது. ஆனால் பிள்ளைக்கு அது 'நீ செய்தது போதாது' என்று சொல்லிவிடுகிறது.

இதைக் கண்டிப்புக்கு எதிரான வாதமாகக் கொள்வது தவறு. டயானா பாம்ரிண்ட் 1960களில் கலிபோர்னியக் குடும்பங்களைக் கொண்டு வகுத்த அதிகார வளர்ப்பு, அரவணைத்து நெறிப்படுத்தும் வளர்ப்பு, கட்டற்ற வளர்ப்பு என்ற மூன்று வகைகளை ஆசியக் குடும்பங்கள்மீது அப்படியே பொருத்தினால், கண்டிப்புக்குள் இருக்கும் பாசம் கணக்கில் வராமல் போகும். 1970களில் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து, 1990இல் அதைப் பற்றி நூல் எழுதிய மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், தாய் தன் அன்பை மறைத்தும் அடக்கியும் வைப்பதே அங்கு அன்பின் இயல்பு என்று கண்டார். கண்ணேறு படும் என்று பிள்ளையைப் புகழத் தயங்கும் பாட்டிகளை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பில்லை. எனவே பிரையன் பார்பர் 1996இல் வலியுறுத்திய வேறுபாடே இங்கு அதிகம் பயன்படுகிறது: எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், கைப்பேசியை எப்போது வைக்க வேண்டும் என்று வரையறுப்பது நடத்தைக் கட்டுப்பாடு; 'உனக்காக எவ்வளவு செலவழித்தோம்' என்று குற்றவுணர்வை ஊட்டுவதும், மதிப்பெண் குறைந்த நாளில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் உளக் கட்டுப்பாடு. முன்னது பிள்ளைக்குக் கரை அமைக்கிறது. பின்னது உள்ளிருந்து அரிக்கிறது.

சிங்கப்பூரில் இந்த அரிப்பு தீவிரமடையும் வயது 12. பதின்ம வயதின் தலையாய பணி 'நான் யார்' என்ற வினாவுக்கு விடை தேடுவது என்று எரிக் எரிக்சன் கருதினார். சரியாக அதன் வாசலில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு வந்து நின்று, தன் பங்குக்கு ஒரு விடையைக் கொடுத்துவிடுகிறது. 1960 முதல் நடந்துவரும் அத்தேர்வில், ஒவ்வொரு பிள்ளையையும் பிறரோடு ஒப்பிட்டுக் கணிக்கும் மதிப்பெண் முறை 2021இல் கைவிடப்பட்டது. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி வகுப்புகள் அனைத்திலும் நீக்கப்பட்டன. நல்ல மாற்றங்கள்தாம். ஆயினும் பள்ளி விட்டுக்கொடுத்த நேரத்தைத் துணைப்பாட வகுப்பு பிடித்துக்கொண்டால், பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

பெற்றோர் கையை இழுத்துக்கொள்வது, அருகிலிருந்து எழுந்து போவது ஆகாது. 2009இல் தொடங்கிச் சிங்கப்பூரின் சீன, மலாய், இந்தியக் குடும்பங்களைக் கருவுற்ற காலத்திலிருந்தே பின்தொடரும் 'கஸ்டோ' ஆய்வின் தரவுகள், கைக்குழந்தைப் பருவத்தில் திரைமுன் அதிக நேரம் கழிப்பதற்கும் பின்னாளில் மூளையின் உணர்வுக் கட்டுப்பாட்டுப் பிணைப்புகளில் காணும் மாற்றங்களுக்கும் தொடர்பு காட்டின. ஆனால் 3 வயதில் பெற்றோர் அடிக்கடி கதை படித்துக்காட்டிய பிள்ளைகளிடம் அத்தொடர்பு வலுவிழந்திருந்தது. மடியில் விரித்த ஒரு கதைப் புத்தகம் செய்திருக்கக்கூடிய வேலை அது.

இன்றிரவு பிள்ளை கணக்கொன்றில் திணறும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். பென்சில் மட்டும் அதன் கையிலேயே இருக்கட்டும்.