உற்றது உரைத்தலும் உறுவது கூறலும்: கணிப்பொறி விடைகளின் சுருக்கம்

பவணந்தியார் நன்னூலில் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் உற்றதுரைத்தல், உறுவது கூறல் என்னும் இரண்டும் கணிப்பொறி தரும் விடைகளை ஆராய்தற்குத் துணை செய்வன. ஒரு நூலோ நிரலோ திருத்தம் பெறுந்தோறும் அதன் முன்னைய வடிவங்களைப் போற்றி வைப்பது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளாகும். சுவடி வேறுபாடுகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். 2005இல் தோன்றிய கிட், மெர்க்குரியல் ஆகிய இரண்டும் இவ்வகையின. நாம் கட்டளையைத் தட்டெழுதி ஏவ, அவை எழுத்தால் விடை தருகின்றன.

திருத்தமொன்றைப் பதியுங்கால், பிழை நேர்ந்தாலன்றி மெர்க்குரியல் இயல்பாகப் பேசுவதில்லை. கிட், கிளையின் பெயர், பதிவின் அடையாளக்குறி, அதன் தலைப்பு, மாறிய கோப்புகள், வரிகள் இவற்றின் தொகை ஆகியவற்றை ஓரிரு வரிகளில் கூறி அமைகிறது. ஒவ்வொரு வெற்றியையும் விரித்துக் கூறின், பிழையை அறிவிக்கும் ஒரு வரி அவற்றிடையே மறைந்துபோம். சுருக்கம் வேண்டுவது இதன்பொருட்டே.

ஆயினும், மிகைபடக் கூறல் போன்றே குன்றக் கூறலும் குற்றமாம். கிளையொன்றை நீக்கியதும், அதன் பெயரோடு அஃது இறுதியாகச் சுட்டிய பதிவின் குறியையும் கிட் தெரிவிக்கிறது. 40 எழுத்துடைய அக்குறி பெரும்பாலும் 7 எழுத்தாகக் குறுகி நிற்கும். மிகையெனத் தோன்றும் அவ்வெழுத்துகளைக் கொண்டே நீக்கிய கிளையை மீட்கலாம். அவற்றை விடுத்தல் சுருக்கமன்று, இழப்பேயாம்.

மீட்க இயலாத செயலுக்கு உற்றது உரைத்துப் பயனில்லை. விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர்பெற்ற சிவகாசியினின்று வரும் பட்டாசுப் பெட்டியை நோக்குக. திரியில் தீப்பட்டபின் சொல்லும் சொல் பயன்படாது; ஆதலின் எச்சரிக்கை பெட்டியின் மேலேயே சில சொற்களில் அச்சிடப்படுகிறது. அஃது உறுவது கூறல். கிட்டும் அவ்வாறே, தான் பதிந்துவையாத கோப்புகளைத் துடைக்குமாறு ஏவினால், வற்புறுத்தும் குறி உடன் வந்தாலன்றி இயல்பாக அதனைச் செய்ய மறுக்கிறது.

இத்தகைய விடைகளைத் தமிழில் ஆக்குவோர் நம் மொழியின் ஆற்றலை உணர்தல் வேண்டும். ‘மாற்றங்கள் வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன’ என நீட்டுதல் வேண்டா. ‘பதிந்தாயிற்று’ என்னும் ஒரு சொல்லே வினைமுடிவை உணர்த்தும். ‘வெற்றிகரமாக’ என்பது மிகை. ‘நீக்க விரும்புகிறீர்களா?’ என்பதினும் ‘நீக்கவா?’ என்பது செறிவுடையது. ஆயின், எதனை, எத்துணை என்பன குன்றலாகா. ‘3 கோப்புகளை நீக்கவா?’ என்றல் வேண்டும்.

மீளும் செயலாயின் உற்றதனையும் மீளும் வழியையும் பின்னர் உரைத்தலும், மீளாச் செயலாயின் உறுவதனை முன்னரே கூறலும் முறையென யாம் கொள்கிறோம். இவ்விரண்டற்கும் வேண்டுவனவற்றை விடாது பிறவற்றைக் களைதலே சுருங்கச் சொல்லலாம்.